சின்ன மெசினுக்கு ஒல்லிச் செயின்

போன மாதம் வெலிமடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் ஒரு பெண் பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். வெளிக்கள உத்தியோகத்தராகப் புதிதாகச் சேர்ந்திருப்பவள்.

"ஐயா, நீங்கதானே மெசின் தங்கராஜ்? மரம் கழிக்கிறதுக்குப் பேட்டரியில ஓடுற சின்ன மெசின் ரெண்டு வாங்கியிருக்கோம். மாத்துச் செயின் வாங்கலாம்னு பதுளைக்கு வந்தா, கடையில ஒல்லியா ஒண்ணு, தடிப்பா ஒண்ணு காட்டுறாங்க. தடிப்பானதுதானே ரொம்ப நாளைக்கு ஒழைக்கும்?"

"மெசின்ல இப்ப மாட்டியிருக்கிற பார்ல என்ன நம்பர் அடிச்சிருக்குன்னு பாத்தீங்களா?"

"மெசின் தோட்டத்துல இருக்குங்க. நான் கடையில நிக்கிறேன்."

"அப்ப எதையும் வாங்காதீங்கம்மா. ஒரு டீயக் குடிச்சிட்டு பஸ் ஏறுங்க."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் ஏன் என்று கேட்டாள். ஏன் என்று கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். அவள் பஸ் ஏறிய பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தேன். எட்டம்பிட்டியவைத் தாண்டும்போது சிக்னல் அறுந்தது. பக்கத்தில் மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி ராசமணி, "பஸ்ல நின்னுக்கிட்டுப் போற பிள்ளைக்கு இம்புட்டுக் கதையா? மிச்சத்த எழுதி அனுப்புங்க" என்றாள். அந்த மிச்சம்தான் இது.

நான் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சாதாரணதரம் வரை படித்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் விசிறிகளுக்கு எண்ணெய் விடும் ஆளாகச் சேர்ந்து, பிட்டராகி, பிறகு மரம் வெட்டும் செயின் வாள் மெசின்கள் தோட்டத்துக்கு வந்தபோது அவற்றுக்குப் பொறுப்பானேன். அதற்கு முன் நிழல் மரங்களின் கிளைகளைக் கத்தியாலும் கைவாளாலும்தான் கழித்தார்கள். தேயிலைக்குள் நிற்கும் சவுக்கு மரங்களை வருடா வருடம் கழிக்காவிட்டால் வெளிச்சம் இறங்காது. மழைக்காலத்தில் ஈரம் காயாமல் கொழுந்தில் கொப்புள நோய் பிடிக்கும். ஆகவே மரம் கழிப்பது, பார்ப்பவர்களுக்கு விறகு வேலை போலத் தெரிந்தாலும், தேயிலை வேலைதான்.

பட்டறைக்குத் தலைவர் குணபால பாஸ். உயரமான, ஒடிசலான மனிதர். காக்கிக் காற்சட்டையும் வெள்ளைப் பெனியனும்தான் அவருடைய உடுப்பு. தமிழ் நன்றாகப் பேசுவார், ஒரேயொரு விசித்திரத்தோடு. அவருக்கு உயர்திணை, அஃறிணை வேறுபாடு கிடையாது. மெசினும் அவர், செயினும் அவர், பட்டறைப் பூனையும் அவர். காலையில் வந்தவுடன், "தங்கராஜ், அவருக்கு எண்ணெய் குடுத்தாச்சா?" என்று கேட்டால், யாருக்கு என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

புதுச் செயின் வந்தால் பாஸ் அதை நேராக மெசினில் மாட்ட விடமாட்டார். ஒரு பழைய மீன் டின்னில் எண்ணெய் ஊற்றி அதற்குள் ஊறப்போடுவார். கண்ணிகளின் மூட்டுக்குள் எண்ணெய் போக வேண்டும். "இவரு புது மாப்பிள்ள. குளிக்காம வேலைக்கு அனுப்பக் கூடாது" என்பார். மறுநாள் எடுத்து ஆணியில் தொங்கவிட்டு, வடிந்த பிறகுதான் மாட்டுவது. மாட்டிய பிறகு இழுவை பார்ப்பார். பார் என்பது செயின் சுற்றி ஓடும் நீண்ட இரும்புப் பட்டை. அதன் நடுப்பகுதியில் செயினைக் கையால் இழுத்தால் கொஞ்சம் வெளியே வர வேண்டும், விட்டதும் பட்டென்று உள்ளே போய் உட்கார வேண்டும். தொங்கினால் கழன்று விழும். இறுகினால் பாரையும் சக்கரத்தையும் தின்றுவிடும்.

அரம் பிடிப்பதில்தான் பாஸின் குணம் முழுவதும் தெரியும். பாரை இடுக்கியில் கவ்வவிட்டு, முதலில் எல்லாப் பல்லையும் பார்த்து, எது அதிகம் தேய்ந்திருக்கிறதோ அதைத் தேடிப் பிடிப்பார். அதை முதலில் தீட்டுவார். பிறகு மற்ற எல்லாப் பற்களையும் அதன் நீளத்துக்கே இறக்குவார். நல்ல பல்லையும் எதற்குக் குறைக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "குடும்பத்துல ஒருத்தரு மட்டும் பெரிய பல்லு வச்சிருந்தா, வேல முழுக்க அவரு தலையிலதான்" என்றார். அரத்தை முன்னே தள்ளும்போது மட்டும்தான் அழுத்துவார். திரும்பும்போது தூக்கிவிடுவார். தீட்டும்போது ஒரு பழைய சிங்களப் பாட்டை மூக்காலேயே முனகுவார். முனகல் நின்றால் ஏதோ பிழை கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். அப்போது பட்டறையில் யாரும் அசையமாட்டோம். மீண்டும் முனகல் தொடங்கினால் பெருமூச்சு விடுவோம்.

பல்லுக்கு முன்னால் ஒரு குட்டித் திட்டு நிற்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை மட்டுப்படுத்துவது அதுதான். தீட்டத் தீட்டப் பல் தாழ்ந்துகொண்டே போகும், திட்டு அப்படியே நிற்கும். கொஞ்ச நாளில் பல் மரத்தைத் தொடாமல் சறுக்கும். அப்போது தட்டை அரத்தால் திட்டையும் அளவாக இறக்க வேண்டும். நிறைய இறக்கிவிட்டால் மெசின் ஆளை உதைக்கும். இவ்வளவும் நான் பாஸைப் பார்த்துப் பழகியவை. அவர் உட்கார வைத்துப் பாடம் எடுத்தவர் இல்லை.

நிலைமை மாறியது ஆம்பிளை ஆட்கள் கொழும்புக்குப் போகத் தொடங்கியபோது. மெசின் தூக்கியவர்கள் ஒவ்வொருவராகக் கடைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் போய்விட்டார்கள். இரண்டு மழைக்காலம் மரங்கள் கழிக்கப்படவில்லை. மலை முழுக்க நிழல் அடைத்துக்கொண்டது. கொழுந்து கொப்புளம் பிடித்து, எடை குறைந்து, எல்லாருடைய சம்பளத்திலும் அது தெரிந்தது.

ஒருநாள் காலைப் பெரட்டில், அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், கலைச்செல்வி என்ற கொழுந்துக்காரி வரிசையை விட்டு முன்னே வந்தாள். கலா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். புருசன் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். நானும் பாஸும் வேறு வேலையாக அங்கே நின்றோம்.

"தொரை, மரம் கழிக்க ஆளு இல்லன்னு இன்னும் எத்தன மழைக்குப் பாத்துக்கிட்டு இருக்கிறது? நாங்க அஞ்சு பேரு கழிக்கிறோம்" என்றாள்.

அங்கே பொறுப்பாக இருந்தவர் உதவி முகாமையாளர். தோட்டத்தில் அவரைச் சின்ன தொரை என்போம். இளம் ஆள், கோபக்காரர் இல்லை, ஆனால் எதற்கும் பயப்படுவார். "மெசின் தூக்குவீங்களா? பாரம்" என்றார்.

"கூடை நெறைய கொழுந்த முதுகுல வச்சுக்கிட்டு மலை ஏறுறோமே, அது என்ன பஞ்சுங்களா?"

பெரட்டுக் களமே சிரித்தது. சின்ன தொரையும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பாதி அனுமதி கிடைத்துவிட்டது. பெரிய தொரையிடம் பேசி, சின்ன மெசின்கள் மூன்று வாங்கினார். தலைக்கவசம், காற்கவசம், கயிறு, இடுப்புப் பட்டி எல்லாம் வந்தன. ஐந்து பெண்களும் பயிற்சிக்குப் போய் வந்தார்கள்.

முதல் வாரமே சிக்கல். மெசின் கிளையில் பாதி தூரம் போனதும் முக்கும், திணறும், நின்றுவிடும். அழுத்தினால் புகைந்தது. மாலையில் பெண்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"அண்ணே, இது மரத்த வெட்டல. மரத்தோட மல்லுக்கு நிக்குது" என்றாள் கலா.

செயினை எடுத்துப் பார்த்தேன். தீட்டல் சுத்தம். இழுவை சரி. மெசினிலும் குறை இல்லை. பாஸ் முனகாமல் யோசித்தார். "செயின் அவரு பலசாலி. மெசின் அவரு சின்னப் பையன். பலசாலிய இழுத்துக்கிட்டு ஓட முடியல" என்றார். விசயம் அதுதான். ஆனால் அதற்கு என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பதுளையில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த ஒரு முதலாளியிடம் போனேன். மூன்று தலைமுறையாக அங்கே வியாபாரம் செய்யும் குடும்பம். நெற்றியில் விபூதியும் விரலில் கிரீசுமாக இருப்பார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வந்தார். அதற்குள் இருந்த செயினைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பெண்கள் கழுத்தில் போடுகிற சங்கிலியை எண்ணெயில் நனைத்து வைத்தது போல இருந்தது.

"மொதலாளி, இது மரம் வெட்டவா, மாலை கோக்கவா?"

"சிரிக்காதீங்க தங்கராஜ். கொண்டு போய் ஒரு கிளையில போட்டுப் பாத்துட்டு அப்புறம் சிரிங்க. ஆனா பாரையும் சேத்துத்தான் தருவேன். செயின் மட்டும் கேட்டா தரமாட்டேன்."

வெலிமடைப் பிள்ளை கேட்ட ஏன் என்ற கேள்விக்கு இதுதான் பதில். வாள் மரத்துக்குள் போகும்போது ஒரு வழி விட்டுக்கொண்டு போகிறது. அந்த வழியின் அகலம் முழுவதும் தூளாகி வெளியே கொட்டுகிறது. பல் அகலமாக இருந்தால் வழி அகலமாகும், மெசின் அவ்வளவு மரத்தைத் தின்றாக வேண்டும். பெரிய மெசினுக்கு அது ஒரு பொருட்டில்லை. சின்ன மெசினுக்கும் பேட்டரி மெசினுக்கும் அதுதான் எல்லாம். ஒல்லிச் செயின் கொஞ்ச மரத்தைத்தான் தின்னும். மீதமாகும் பலத்தில் வேகமாக இறங்கும். செயின் பாரம் குறைவு, பார் பாரம் குறைவு, பிடிப்பவர் கையில் அதிர்வும் குறைவு.

ஆனால் பார்க்க வேண்டிய பொருத்தம் இரண்டு இருக்கிறது. கண்ணிக்கும் கண்ணிக்கும் உள்ள இடைவெளி மெசினின் சக்கரத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஓடவே ஓடாது, ஆகவே அதில் யாரும் ஏமாறுவதில்லை. அடுத்தது, செயினின் அடிக்கண்ணித் தடிப்பு, பாரின் விளிம்பு நெடுக ஓடும் பள்ளமான காடியோடு பொருந்த வேண்டும். இதில்தான் ஏமாற்றம். தடித்த செயின் ஒல்லிக் காடிக்குள் போகாது. ஒல்லிச் செயின் அகலக் காடிக்குள் தாராளமாகப் போகும், ஓடவும் செய்யும். அதனால் வந்த வினையைப் பின்னால் சொல்கிறேன்.

பாஸ் புதுச் செயினை விரலில் தூக்கிப் பார்த்து, "இவருக்கு வீட்டுல சாப்பாடு குடுக்கலயா?" என்றார். ஆனாலும் முறைப்படி மீன் டின்னில் குளிப்பாட்டினார். மறுநாள் காலை கலா மெசினை முடுக்கி, பட்டறைக்குப் பின்னால் கிடந்த சவுக்குக் கட்டையில் வைத்தாள். வைத்ததுதான் தெரியும். துண்டு கீழே விழுந்தது. அவள் மெசினை நிறுத்திவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். பாஸ் முனகத் தொடங்கினார்.

அன்றிலிருந்து மூன்று மெசினுக்கும் ஒல்லிச் செயின். பழைய தடித்த பார்களைக் கழற்றிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்தோம்.

ஒல்லிச் செயின் செல்லப்பிள்ளை மாதிரி என்பதையும் சொல்லிவிட வேண்டும். மண் பட்டால் உடனே மழுங்கும். அடிக்கட்டை வெட்டவும், நிலத்தில் கிடக்கும் சேற்று மரத்தை வெட்டவும் அது ஆகாது. கோயிலடியில் நின்ற மரமொன்றில் யாரோ எந்தக் காலத்திலோ அடித்த ஆணி உள்ளே புதைந்திருந்தது. ஒரே வெட்டில் கால்வாசிப் பற்கள் போய்விட்டன. வெட்டு இறுக்கிப் பார் சிக்கிக்கொண்டால் முறுக்கி இழுக்கக் கூடாது, ஆப்பு வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒல்லிப் பார் வளைந்தால் வளைந்ததுதான். அரமும் சின்னப் பல்லுக்கேற்ற மெல்லிய அரம். வேலை முடிந்து சூடாக இருக்கும்போதே செயினைத் தளர்த்திவிட வேண்டும், ஆறும்போது அது சுருங்கும். மாலையில் பாரைக் கழற்றிக் காடிக்குள் அடைந்த தூளைச் சுரண்டி, அடுத்த நாள் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்ட வேண்டும், இரண்டு பக்கமும் சமமாகத் தேய. சுரண்டுவதற்காகப் பழைய இரும்பறுக்கும் வாளலகைத் தேய்த்து, காடிக்குள் இறுக்கமாகப் போகிற மாதிரி ஆளுக்கொரு தகடு செய்து கொடுத்திருந்தேன். பெண்கள் அதைச் சாவிக்கொத்தோடு கோத்து இடுப்பில் செருகி வைத்திருந்தார்கள்.

அந்த வருடம் மலையில் வெளிச்சம் இறங்கியது. சின்ன தொரை பார்க்கிறவர்களிடமெல்லாம் பெண்கள் பிரிவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கோணல் வெட்டு வந்தது.

கலாவின் மெசின் நேராகத் தொடங்கும். கொஞ்சம் இறங்கியதும் வலப்பக்கம் வளையத் தொடங்கும். முடியும்போது வெட்டு வாழைக்காய் மாதிரி வளைந்து, பார் உள்ளே சிக்கிக்கொள்ளும். சின்னக் கிளைகளில் தெரியவில்லை. பெரிய கிளைகளில் ஆபத்து. வளைந்த வெட்டில் கிளை எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் ஒரு கிளை நினைத்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் போய் விழுந்தது. அங்கே ஆள் இல்லாதது எங்கள் நல்ல காலம்.

அது நடந்த நேரமும் மோசம். பிள்ளை மடுவத்தின் கூரைக்கு மேலே ஒரு பெரிய சவுக்குக் கிளை சாய்ந்து நின்றது. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. மழை தொடங்குவதற்குள் அந்தக் கிளையை இறக்கியாக வேண்டும். சின்ன தொரை பயந்துவிட்டார்.

"கலைச்செல்வி, உங்க கை தளந்துபோச்சு போல. இந்தக் கிளைய வெளியாள் வந்து எறக்கட்டும். நீங்க எல்லாரும் கொஞ்ச நாளைக்குக் கொழுந்துக்குப் போங்க" என்றார்.

கொஞ்ச நாள் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை கலைத்த பிரிவை யாரும் திரும்பச் சேர்க்கமாட்டார்கள்.

கலா மெசினைத் தூக்கிக்கொண்டாள். நேரே பட்டறைக்கு வந்து மெசினை மேசையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"அண்ணே, என் கையா கோணல்? நீங்க சொல்லுங்க. கையின்னா நான் இப்பவே கூடைய எடுத்துக்கிட்டுப் போறேன்."

"சொல்றதுக்கு முன்னால பாத்துருவோம்" என்றேன்.

வாள் வளைந்து வெட்டினால் முதல் சந்தேகம் பல்லின் மேல்தான். செயினில் ஒரு பல் இடப்பக்கம் பார்க்கும், அடுத்தது வலப்பக்கம் பார்க்கும். ஒரு பக்கத்துப் பற்கள் குட்டையாகவோ மழுங்கலாகவோ இருந்தால் வெட்டு மறுபக்கம் இழுபடும். அளவுகோலால் ஒவ்வொரு பல்லாக அளந்தேன். எல்லாம் ஒரே நீளம். திட்டுகளை அளந்தேன். அவையும் சரி. இருந்தும் பாஸ் முழுச் செயினையும் மறுபடி தீட்டினார். கட்டையில் வெட்டினோம். வாழைக்காய்.

அடுத்தது பாரின் விளிம்பு. ஒரு பக்கம் தேய்ந்து தாழ்ந்திருந்தால் செயின் சாயும். பாரை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தினோம். நேராக நின்றது. புதுச் செயின் எடுத்து மாட்டினோம். அதுவும் வாழைக்காய்.

"இனி மிச்சம் நான்தான்" என்றாள் கலா.

"இல்ல. இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு" என்றார் பாஸ். என்னிடம் மெசினைத் தந்தார். நான் வெட்டினேன். வளைந்தது. அவர் வெட்டினார். வளைந்தது. பிறகு கலாவிடம் வேறொரு மெசினைக் கொடுத்தார். அவள் வெட்டிய வெட்டு நூல் பிடித்தது போல நேராக இறங்கியது. கலா அந்தத் துண்டைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். கை சரி என்று தெரிந்துவிட்டது. பிழை எங்கே என்பதுதான் தெரியவில்லை.

மூன்று மெசினின் பார்களையும் கழற்றி வரிசையாக வைத்தேன். "எல்லாத்தையும் சுத்தமாக்கிட்டு அப்புறம் யோசிப்போம்" என்றேன். கலா தன் இடுப்பிலிருந்த தகட்டை எடுத்து காடிகளைச் சுரண்டத் தொடங்கினாள். முதல் பார். இரண்டாவது பார். மூன்றாவதில் அவளுடைய கை நின்றது.

"அண்ணே, இங்க பாருங்க. அந்த ரெண்டுலயும் தகடு இறுக்கமாப் போகுது. இதுல லொடலொடன்னு ஆடுது. என் தகடுதான் தேஞ்சிருச்சுன்னு இத்தன நாளா நெனச்சேன்."

வாங்கிப் பார்த்தேன். ஆடியது. பாரின் அடிப்பகுதியில் மரப்பாலும் எண்ணெயும் கருப்பாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் துணியால் தேய்த்தேன். எழுத்து தெரிந்தது. மற்ற இரண்டு பாரிலும் காடியின் அகலம் ஒன்று தசம் ஒன்று மில்லிமீட்டர் என்று இருக்க, இதில் ஒன்று தசம் மூன்று என்று இருந்தது. தடித்த செயினின் பழைய பார். அகலக் காடிக்குள் ஒல்லிச் செயின் நிமிர்ந்து நிற்கப் பிடிமானமில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியிருக்கிறது. சாய்ந்த செயின் சாய்த்தே வெட்டும்.

பாஸ் பாரைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பழைய பார்கள் தொங்கிய வரிசையில் ஓர் ஆணி வெறுமையாக இருந்தது. கலாவின் பார் ஒருமுறை கிளையில் சிக்கி வளைந்தபோது, அவசரத்துக்குச் சுவரிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டியது அவர்தான். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. என் கையாக இருந்தாலும் அதையே எடுத்திருக்கும்.

அடுத்த நாள் பெரட்டுக்குப் பாஸ் வந்தார். சட்டை போட்டிருந்தார். அவர் சட்டை போட்டு அதுவரை நாங்கள் பார்த்தது கிடையாது. சின்ன தொரையின் முன்னால், எல்லா ஆட்களும் கேட்க, ஒரு கையில் செயினும் மறு கையில் பாரும் வைத்துக்கொண்டு பேசினார்.

"தொரை, கலைச்செல்வி கை நல்ல கை. இந்தச் செயின் அவரும் நல்லவரு. இந்தப் பார் அவரும் நல்லவரு. ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வச்சது நானு. பொருத்தம் பாக்கல. பிழை என்னோடது."

ஒரு கணம் யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. முதலில் சிரித்தது கலாதான். பிறகு மலை முழுவதும் கேட்கும்படி எல்லாரும் சிரித்தோம். சின்ன தொரை, "அப்ப வெளியாளுக்கு வரவேணாம்னு சொல்லிருவோமா?" என்று பாஸைக் கேட்டார்.

"என்னைய ஏன் கேக்கிறீங்க? அவர கேளுங்க" என்று பாஸ் கலாவைக் காட்டினார்.

"நாளைக்கே எறக்கிருவோம் தொரை" என்றாள் கலா.

மறுநாள் பிள்ளை மடுவத்துக் குழந்தைகளைக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டு போனார்கள். பட்டறையில் நானும் பாஸும் அந்த மெசினுக்குப் புதுப் பார், புதுச் செயின் மாட்டி, தகடு இறுக்கமாகப் போகிறதா என்று ஆளுக்கு ஒருமுறை பார்த்து, கலாவும் ஒருமுறை பார்த்த பிறகே கொடுத்தோம். அவள் ஏணியில் ஏறி, இடுப்புப் பட்டியைத் தாய் மரத்தோடு மாட்டினாள். கிளையை நுனியிலிருந்து துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் கயிறு கட்டி, கயிற்றைப் பக்கத்து மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கீழே இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். கலா கிளையின் அடிப்பக்கத்தில் முதலில் கொஞ்சம் வெட்டினாள், பட்டை உரிந்து மரம் கிழியாமல் இருக்க. பிறகு மேலிருந்து. துண்டு நேராகக் கழன்று, கயிற்றில் தொங்கி, மெதுவாக இறங்கியது.

சின்ன தொரை மடுவத்துச் சுவரோடு ஒட்டி நின்று நகத்தைக் கடித்தார். அவரை இரண்டு தடவை தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசித் துண்டுதான் பெரியது, கூரைக்கு நேர் மேலே. மெசின் சத்தம் ஒரே சீராக இறங்கியது. நான் மெசினைப் பார்க்கவில்லை, பாஸைப் பார்த்தேன். அவர் உதடு மூடியிருந்தது. கிளை கழன்றது. கயிறு விறைத்தது. பெண்கள் பின்னால் சாய்ந்து பிடித்தார்கள். கிளை கூரைக்கு மேலே ஒரு பிள்ளை தொட்டிலில் ஆடுவது போல இரண்டு ஆட்டம் ஆடி, அப்படியே வெளிப்பக்கமாக வந்து தரையில் உட்கார்ந்தது. ஒரு தகரம்கூட அசையவில்லை.

பாஸ் முனகத் தொடங்கினார். சின்ன தொரை கை தட்டினார். மேலே இருந்து கலா, "டீ ஊத்துனாத்தான் எறங்குவேன்" என்று கத்தினாள்.

அதன் பிறகு பெண்கள் பிரிவைக் கலைக்கும் பேச்சு எழவில்லை. கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குச் செயின் பொருத்தம் சொல்லிக் கொடுக்கக் கலாதான் போனாள். பழைய பார்கள் எல்லாவற்றிலும் பாஸ் சிவப்புப் பெயின்ட் அடித்தார். "இவங்க எல்லாம் பென்சன்காரங்க. வேலைக்குக் கூப்பிடக் கூடாது" என்றார். கொஞ்ச காலத்தில் அவரும் பென்சன் போய், மகியங்கனைப் பக்கம் மகளோடு இருக்கிறார். போன் பேசும்போது இன்றும் முதலில் மெசின்களின் சுகத்தைத்தான் விசாரிப்பார்.

என் முறை வந்தபோது, கடைசி நாள், பட்டறையில் கேக் வெட்டிப் பேச்செல்லாம் முடிந்த பிறகு, கலாவும் பிரிவினரும் என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தலைக்கவசம் போட்டுவிட்டார்கள். காற்கவசம் மாட்டிவிட்டார்கள். இத்தனை வருடம் ஆயிரம் செயின் தீட்டியிருப்பேன். பட்டறைக் கட்டையைத் தவிர, நிற்கிற மரத்தில் ஒருநாளும் வாள் வைத்ததில்லை. யாரும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

தேயிலைக்கு நடுவே, எடுப்பதற்குக் குறித்திருந்த, தழைத்து அடைத்து நின்ற ஒரு சின்னச் சவுக்கு. விழ வேண்டிய பக்கத்து வாய்வெட்டைக் கலாவே போட்டுவிட்டாள். ஆட்கள் எல்லாரும் தூர விலகினார்கள். எதிர்ப்பக்கத்துப் பின்வெட்டு எனக்கு. மெசினை முடுக்கி மரத்தில் வைத்தேன். பயத்தில் அழுத்தினேன்.

"அழுத்தாதீங்க அண்ணே. சும்மா புடிங்க. அது பாட்டுக்குப் போகும்."

விட்டேன். போனது. மரத்துக்குள் அது தானாக நழுவிப் போவது என் உள்ளங்கையில் தெரிந்தது. ஒரு சின்ன முறிவுச் சத்தம். கலா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். மரம் மெல்லச் சாய்ந்து, தேயிலை வரிசைகளுக்கு இடையிலிருந்த வெறும் நிலத்தில் நீளமாக விழுந்தது.

அது நின்ற இடத்தில் வானம் திறந்தது. நமுனுகுல மலை முழுதாகத் தெரிந்தது. அதுவரை இருட்டாகக் கிடந்த தேயிலைச் செடிகளின் மேல் வெயில் வந்து விழுந்தது, ஒரே நொடியில், யாரோ பந்தலை விலக்கியது போல.

நான் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்க வேண்டும். கலா மெசினை என் கையிலிருந்து வாங்கி நிறுத்தினாள்.

"இதப் பாக்கத்தான் அண்ணே நாங்க இந்த வேலைய விடல" என்றாள்.